இந்திர லால் ராய்

இந்திர லால் ராய் (டிசம்பர் 2, 1898 – ஜூலை 22, 1918) முதலாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையில் பணியாற்றி உயிர் நீத்த இந்தியப் போர் வானோடி ஆவார். கொல்கத்தாவில் பிறந்து இலண்டனில் வளர்ந்த இவர், 1918 ஜூலை மாதத்தில் இரண்டு வாரங்களுக்குள் 10 வான்சண்டை வெற்றிகளைப் பெற்றார். கடைசி வெற்றி கிடைத்த மூன்றாம் நாள் வட பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. வான்சண்டையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட எதிரி வானூர்திகளை வீழ்த்தியவரை 'ஏஸ்' என்று அழைக்கும் வழக்கம் அப்போரின்போது பிரான்சில் தோன்றியது. அக்கணக்கின்படி இவரே முதல் இந்திய 'ஏஸ்' ஆவார். முதலாம் உலகப் போரில் இவ்வெண்ணிக்கையை எட்டிய ஒரே இந்தியராகவும் இவர் குறிக்கப்படுகிறார்.

குடும்பமும் இளமையும்

ராயின் குடும்பம் இன்று வங்காளதேசத்தில் உள்ள பாரிசால் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட வசதியான குடும்பம். தந்தை பியாரி லால் ராய் வழக்கறிஞர். தாய் லோலிதா ராய். தாய்வழிப் பாட்டனாரான சூரியகுமார் குடீவ் சக்கரவர்த்தி 1845 ஆம் ஆண்டில் துவாரகநாத் தாகூருடன் கப்பலேறி இலண்டன் சென்று மேலை மருத்துவம் பயின்ற முதல் இந்தியர்களுள் ஒருவர்.

தாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிள்ளைகளுடன் இலண்டனில் குடியேறிய லோலிதா ராய், பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தில் ஈடுபட்டார். 1911 ஜூன் 17 அன்று இலண்டன் தெருக்களில் நடைபெற்ற மாபெரும் பெண்கள் ஊர்வலத்தில் சேலை உடுத்த இந்தியப் பெண்களின் சிறு அணி ஒன்று சென்றது. அவ்வணியைத் திரட்டியவர்களுள் இவரும் ஒருவர். போர்க்காலத்தில் இந்தியப் படைவீரர்களுக்காக உதவி திரட்டும் பணியையும் செய்தார். மூத்த மகன் பரேஷ் லால் ராயும் பிரித்தானியத் தரைப்படையில் சேர்ந்து போரிட்டார். பிற்காலத்தில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று அறியப்பட்டவர் இவரே.

இந்திர லால் இலண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியில் இருந்த செயின்ட் பால் பள்ளியில் பயின்றார். வீட்டிலும் நண்பர்களிடையேயும் அவருக்கு 'லாடி' என்பது செல்லப்பெயர். படம் வரைவதில் ஆர்வம் மிக்கவர். 1914 ஆம் ஆண்டு போர் தொடங்கியபோது அவர் 15 வயதுப் பள்ளி மாணவர்.

படையில் சேர்தல்

1917 ஏப்ரல் 4 அன்று, 18 வயது நிறைந்து நான்கே மாதங்களில், ராய் பிரித்தானியாவின் 'ராயல் பறக்கும் படை'யில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். கண்பார்வை போதாது என்று முதலில் அவர் தள்ளப்பட்டதாகவும், தமது மோட்டார் சைக்கிளை விற்று அப்பணத்தில் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுசோதனை செய்து கொண்டு அம்முடிவை மாற்றியதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. 1917 ஜூலை 5 அன்று அவருக்கு இரண்டாம் லெப்டினன்ட் பதவி கிடைத்தது.

இப்பதவியின் பொருளை இன்றைய வாசகர் எளிதில் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். அந்நாளைய பிரித்தானிய இந்தியப் படையில் ஓர் இந்தியர் எத்தனை ஆண்டுகள் பணியாற்றினாலும் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகிய பதவிகளுக்கு மேல் உயர இயலாது. இவை வைசிராயின் ஆணையால் வழங்கப்பட்டவை. வயதில் முதிர்ந்த சுபேதார் மேஜரும் புதிதாக வந்த ஆங்கில இளம் அதிகாரிக்குக் கீழ்ப்படிந்தவரே. மன்னரின் ஆணை பெற்ற முழு அதிகாரி என்னும் நிலை போரிடும் பிரிவுகளில் இந்தியர்க்கு மூடப்பட்டிருந்தது. அக்கதவு சிறிதளவு திறந்தது 1917 ஆகஸ்ட் மாதத்தில்தான். வானூர்திப் படையோ புதிய படை. அதற்கு ஆள் தேவை கடுமையாக இருந்தது. இங்கிலாந்திலேயே படித்த, செல்வாக்குள்ளவர்களின் பரிந்துரை பெற்ற நான்கு இந்திய இளைஞர்கள் 1917 ஆம் ஆண்டில் அதற்குள் நுழைந்தனர். அவர்கள் ராய், ஹர்தித் சிங் மாலிக், ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், எர்ரோல் சந்தர் சென் ஆகியோர்.

முதற்பணியும் விபத்தும்

பிரான்சின் வாந்தோம் நகரில் பறக்கவும், ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் சுடவும் பயிற்சி பெற்றபின், 1917 அக்டோபர் 30 அன்று ராய் 56 ஆவது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அக்காலத்தில் மிகவும் பெயர்பெற்ற சண்டை அணிகளுள் அதுவும் ஒன்று. சேர்ந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. டிசம்பர் 6 அன்று அவர் ஓட்டிய எஸ்.ஈ.5ஏ வானூர்தி தரையில் மோதி நொறுங்கியது. ராய் பலத்த காயமடைந்தார்.

இவ்விபத்தைப் பற்றிப் பலரும் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டார் என்று கருதிப் பிணவறையில் கிடத்தினர் என்றும், நினைவு திரும்பியதும் அவர் பூட்டிய கதவைத் தட்டித் தமக்குத் தெரிந்த பள்ளிக்கூடப் பிரெஞ்சு மொழியில் கூவினார் என்றும் அக்கதை கூறும். கதை சுவையானது, அதை வழிவழியாக வந்த செய்தியாக மட்டுமே கொள்வது நல்லது. விபத்தும் காயமும், அதற்குப்பின் அவர் நீண்ட நாட்கள் பறக்கவில்லை என்பதும் உறுதியானவை.

ஓய்வில் இருந்த அம்மாதங்களில் அவர் வானூர்திகளையும் வான்சண்டைகளையும் தொடர்ந்து வரைந்தார். அப்படங்களுள் பல இன்றும் உள்ளன. பறப்பதற்குத் தகுதியற்றவர் என்று மருத்துவர்கள் தீர்ப்பளித்தபின், தளவாடப் பொறுப்பில் பத்திரமாக இருந்திருக்கலாம். போர் இன்னும் ஓராண்டு கூட நீடிக்கவில்லை என்பதால், அப்படி இருந்திருந்தால் உயிருடன் வீடு திரும்பியும் இருப்பார். ஆனால் மீண்டும் பறக்க அனுமதிக்குமாறு மேலதிகாரிகளை விடாது கேட்டு, மறுசோதனையில் தேறி, 1918 ஜூன் மாதம் 40 ஆவது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். இதற்கிடையில் 1918 ஏப்ரல் 1 அன்று ராயல் பறக்கும் படை கடற்படையின் வான்பிரிவுடன் இணைக்கப்பட்டு 'ராயல் வான்படை' ஆகியிருந்தது.

அவர் ஓட்டிய வானூர்தி

எஸ்.ஈ.5ஏ ஒருவர் மட்டும் அமரும் இரட்டை இறக்கை வானூர்தி. மரச்சட்டத்தின் மீது துணி போர்த்தி இறுக்கிய உடல். முன்னே ஏறக்குறைய 200 குதிரைத்திறன் கொண்ட எந்திரம். மணிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகம். விமானி திறந்த குழியில் அமர்ந்திருப்பார். தரையுடன் பேச வானொலி இல்லை, உயரத்தில் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை.

இதில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று விமானிக்கு முன்னே, சுழலும் விசிறிக்குப் பின்னால் பொருத்தப்பட்ட விக்கர்ஸ். குண்டுகள் விசிறி அலகைத் துளைக்காமல் அலகுகளின் இடைவெளியில் மட்டும் வெளியேற வேண்டும். இதற்காக எந்திரத்தின் சுழற்சியோடு துப்பாக்கியின் சுடுகணத்தை இணைக்கும் கருவி ஒன்று இருந்தது. ருமேனியப் பொறியாளர் கான்ஸ்டன்டினெஸ்கோ உருவாக்கிய அக்கருவி, குழாயில் அடைத்த எண்ணெயின் அழுத்தத் துடிப்புகளால் இயங்கியது. இற்றைக்கு நூறாண்டுகளுக்கு முன் இத்தகைய நேரக் கட்டுப்பாட்டை மின்னணுவியல் ஏதுமின்றிச் செய்தனர் என்பது வியப்புக்குரியது. மற்றொன்று மேல் இறக்கையின் மீது, விசிறி வட்டத்துக்கு மேலாகச் சுடும் லூயிஸ் துப்பாக்கி. அதன் குண்டு வட்டு தீர்ந்துவிட்டால், வளைந்த தண்டவாளம் ஒன்றின் வழியே துப்பாக்கியைக் கீழே இழுத்து, ஒரு கையால் வானூர்தியைச் செலுத்திக் கொண்டே மறுகையால் வட்டை மாற்ற வேண்டும். சண்டையின் நடுவே இதைச் செய்வது எத்தகைய பாடு என்று ஊகிக்கலாம்.

பிரித்தானியச் சண்டை விமானிகளுக்குப் போர்முனையில் வான்குடை வழங்கப்படவில்லை. பலூன்களில் ஏறிக் கண்காணித்தவர்களுக்கு அது இருந்தது. ஜெர்மானிய விமானிகளும் 1918 ஆம் ஆண்டில் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். ஆகவே எரியும் வானூர்தியில் சிக்கிய பிரித்தானிய விமானிக்குத் தப்பும் வழி இல்லை.

1918 ஜூலை

40 ஆவது ஸ்குவாட்ரனில் ராய் பறந்த அணியின் தலைவர் ஜார்ஜ் மெக்எல்ராய் என்னும் அயர்லாந்துக்காரர். தேர்ந்த வான்சண்டை வீரர். இவரிடம் பெற்ற பயிற்சியே ராயை மாற்றியது எனலாம். முந்தைய அணியில் ஒரு வெற்றியும் பெறாதவர், இங்கே ஜூலை 6 அன்று திரோக்கூர் அருகே ஹன்னோவர் வகை வானூர்தி ஒன்றை வீழ்த்தினார். ஹன்னோவர் இருவர் அமரும் வானூர்தி. பின்னால் அமர்ந்த துப்பாக்கி வீரர் தடையின்றிச் சுடுவதற்காக அதன் வால் சிறியதாக வடிவமைக்கப்பட்டிருந்தது. பின்புறமாக நெருங்குவோருக்கு அது ஆபத்தான இலக்கு.

ஜூலை 8 அன்று நான்கு மணி நேரத்துக்குள் மூன்று வெற்றிகள் கிடைத்தன. அவற்றுள் இரண்டு ஹன்னோவர், ஒன்று ஃபாக்கர் டி.7. ஜூலை 13 அன்று ஒரு ஹன்னோவரும் ஒரு ஃபால்ஸ் சண்டை வானூர்தியும் வீழ்ந்தன. ஜூலை 15 அன்று இரண்டு ஃபாக்கர் டி.7. ஜூலை 18 அன்று டி.எஃப்.டபிள்யூ. வகை வேவு வானூர்தி ஒன்று. ஜூலை 19 அன்று காக்னிக்கூர் அருகே மீண்டும் ஒரு ஹன்னோவர். இதுவே கடைசி. மொத்தம் 10. அவர் வானில் கழித்த மொத்த நேரம் 170 மணிக்குச் சற்று மேல் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

ஃபாக்கர் டி.7 அந்நாளில் ஜெர்மனியிடம் இருந்த சண்டை வானூர்திகளுள் தலைசிறந்தது. போர்நிறுத்த உடன்பாட்டில் ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய வானூர்திகளின் பட்டியலில் இவ்வகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அளவுக்கு அதன்மேல் அச்சம் இருந்தது. ராயின் பத்து வெற்றிகளில் மூன்று இவ்வகையின் மீது பெற்றவை.

ஜூலை 22 அன்று கார்வேன் என்னும் ஊருக்கு மேலே, ஜெர்மனியின் 29 ஆவது சண்டை அணியைச் சேர்ந்த ஃபாக்கர் டி.7 வானூர்திகளுடன் நடந்த சண்டையில் ராயின் எஸ்.ஈ.5ஏ வீழ்ந்தது. அவருடைய வயது அன்று 19 ஆண்டு, 7 மாதம், 20 நாள். அணித்தலைவர் மெக்எல்ராயும் ஒன்பது நாட்கள் கழித்து, ஜூலை 31 அன்று, தரையிலிருந்து வந்த குண்டுக்கு இரையானார்.

ஒன்பதா, பத்தா?

இறந்து இரண்டு மாதங்கள் கழித்து, 1918 செப்டம்பர் 21 அன்று, ராயல் வான்படையின் 'டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ்' என்னும் பறப்பு வீரச் சிலுவை ராய்க்கு அறிவிக்கப்பட்டது. இவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. 13 நாட்களில் எதிரியின் ஒன்பது வானூர்திகளை வீழ்த்தியவர் என்றும், ஒரே சுற்றுப் பறப்பில் இரண்டு வானூர்திகளை வீழ்த்திய நிகழ்வு ஒன்றுக்கு மேற்பட்டது என்றும் விருதுக் குறிப்பு பாராட்டுகிறது. பிற்கால வான்போர் வரலாற்றாசிரியர்கள் தரும் எண்ணிக்கையோ பத்து. நூல்களிலும் கட்டுரைகளிலும் இரு எண்களும் காணப்படுவதால் மாணவர்கள் குழம்புவதுண்டு.

பிரித்தானியர் 'வெற்றி' எனக் கணக்கிட்ட முறையை அறிந்தால் குழப்பம் குறையும். எதிரி வானூர்தி நொறுங்கியதையோ எரிந்ததையோ கண்ணால் கண்டால் அது 'அழிக்கப்பட்டது'. கட்டுப்பாடு இழந்து சுழன்று கீழே சென்றதை மட்டும் கண்டால் அது 'கட்டுப்பாடு இழந்தது'. இரண்டும் வெற்றியாகவே பதிவாயின. இருவர் சேர்ந்து வீழ்த்தினால் இருவர் கணக்கிலும் அது ஏறும். ராயின் பத்தில் ஐந்து அழிக்கப்பட்டவை, ஐந்து கட்டுப்பாடு இழந்தவை. ஒவ்வொரு வகையிலும் ஒன்று கூட்டு வெற்றி. பரிந்துரை எழுதப்பட்ட நாளைப் பொறுத்தோ கூட்டு வெற்றிகளைச் சேர்த்த விதத்தைப் பொறுத்தோ ஒன்பது, பத்து என்னும் வேறுபாடு எழுந்திருக்கலாம். கட்டுப்பாடு இழந்து இறங்கிய வானூர்திகளுள் சில பத்திரமாகத் தரை சேர்ந்திருக்கவும் கூடும். எனவே எப்படைவீரரின் வெற்றி எண்ணிக்கையையும் வீழ்ந்தோர் தொகையாக அப்படியே கொள்ளலாகாது.

கல்லறை

ராய் வீழ்ந்த பகுதி அப்போது ஜெர்மானியர் வசம் இருந்தது. அவருடைய உடல் கார்வேனுக்கு அருகிலுள்ள எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையில் வங்காள மொழியில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. பெருவீரன் ஒருவன் துயிலும் இடம் இது. மதிப்புக் காட்டுங்கள், தொடாதீர்கள் என்பது அதன் கருத்து. பிரான்சின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஒரு சிற்றூர்க் கல்லறையில் வங்க எழுத்தைக் காண்பது அரிது.

போரில் இறந்தோரின் கல்லறைகளைப் பேணுவதற்காக 1917 ஆம் ஆண்டில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. இன்று அது பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் எனப்படுகிறது. பதவி, இனம், சமயம் பாராது இறந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர வேண்டும் என்பது அதன் கொள்கை. ஐரோப்பாவில் இக்கொள்கை பெருமளவு பின்பற்றப்பட்டது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அப்படி நடக்கவில்லை. மெசபொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்தோருக்காக எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவகத்தில் பிரித்தானியப் படைவீரர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். மதராஸ் சாப்பர்கள் என்னும் தமிழர் மிகுந்த பொறியாளர் படையும் போரிட்ட களம் அது. 2021 ஆம் ஆண்டில் இவ்வாணையமே வெளியிட்ட அறிக்கை, முதலாம் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களுள் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

இப்பின்னணியில் பார்த்தால், ராய் நினைவில் நின்றதற்கு அவருடைய வீரம் மட்டும் காரணம் அன்று. அவர் அதிகாரி. ஐரோப்பிய மண்ணில் இறந்தார். எழுதத் தெரிந்த, செல்வாக்குள்ள குடும்பம் அவருக்கு இருந்தது. அவருடைய படங்களைக் காத்து வைக்கவும், கல்லில் தாய்மொழியைப் பொறிக்கச் சொல்லவும் ஆட்கள் இருந்தனர். அதே ஆண்டுகளில் தென்னிந்தியச் சிற்றூர்களிலிருந்து சென்று திரும்பாத பல இளைஞர்களுக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை.

உடன் சேர்ந்த வானோடிகள்

ராயுடன் ஒரே ஆண்டில் படையில் சேர்ந்த மற்ற மூவருள் பம்பாயைச் சேர்ந்த வெலிங்கர், 1918 ஜூன் 27 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, மூன்று நாட்களில் ஜெர்மானியர் காவலில் காயங்களால் இறந்தார். அவருடைய பெயர் பிழையாகப் பதிவானதால் எங்கே புதைக்கப்பட்டார் என்பது போர் முடிந்தும் குடும்பத்துக்குத் தெரியாமல் இருந்தது. பின்னரே கல்லறை அடையாளம் காணப்பட்டது. இன்று அது வட பிரான்சின் ஹங்கார் கல்லறையில் உள்ளது. சென் 1917 ஆம் ஆண்டிலேயே சிறைபிடிக்கப்பட்டுப் போர் முடியும்வரை கைதியாக இருந்தார். மாலிக் காலில் குண்டுக் காயத்துடன் தப்பினார். பின்னாளில் இந்தியாவின் தூதராகப் பிரான்சிலேயே பணியாற்றினார்.

இவர்கள் காட்டிய திறமைக்குப் பிறகும் இந்தியருக்கு வான்படைக் கதவு உடனே திறக்கவில்லை. இந்திய வான்படை அமைக்கப்பட்டது 1932 அக்டோபர் 8 அன்றுதான். அதன் முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் தொடங்கப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

கொல்கத்தாவின் பவானிபூர் பகுதியில் 'இந்திர ராய் சாலை' இவர் பெயரால் அமைந்துள்ளது. பிறந்த நூற்றாண்டை ஒட்டி 1998 டிசம்பர் மாதத்தில் இந்திய அஞ்சல்துறை இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2019 ஆம் ஆண்டில் முதலாம் உலகப் போரில் பங்குபெற்ற இந்தியர்களைக் குறித்த அஞ்சல்தலை வரிசையிலும் இவர் இடம்பெற்றார்.

தமிழகத்தில் முதலாம் உலகப் போர் என்றதும் நினைவுக்கு வருவது 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளை எரித்த எம்டன் கப்பல்தான். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து மக்கள் கண்ணால் கண்ட போர் அந்த ஒரு நெருப்பு மட்டுமே. கப்பலின் பெயர் 'எம்டன்' என்று வழக்குச் சொல்லாகவே தமிழில் தங்கிவிட்டது. அதே போரில் இறந்தோரின் பெயர்களைக் காண விரும்புவோர் நந்தம்பாக்கத்தில் உள்ள சென்னைப் போர்க் கல்லறைக்குச் செல்லலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காக அமைக்கப்பட்ட அவ்விடத்தில் 1914–1918 நினைவகமும் உள்ளது. இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்டு, கல்லறைகளைப் பேண இயலாமற்போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.